லிட்டருக்கு ஒன்பது கிராம்

ஏழு பத்துக்கு என் பெயரைக் கேட்டார்கள்.
ஏழு இருபதுக்கு மறுபடி.
ஊசி குத்தும் முன் இன்னொரு முறை.
பாஸ்போர்ட்டில் உள்ளபடியே சொல்ல வேண்டுமாம்:
ஜெபக்கனி தேவசகாயம்.
மரிவிக் என்ற அந்த நர்ஸ்
அப்பாவின் பெயரில் பாதி வழியில் இடறி
தேவா என்று நிறுத்திக்கொண்டாள்.
போதும் என்றேன்.

ஷார்ஜாவில் பதினான்கு வருடம்.
கடலைக் குடிநீராக்கும் ஆலையில்
பரிசோதனைக்கூடம் என் பொறுப்பு.
உள்ளே வருவதில் லிட்டருக்கு நாற்பத்திரண்டு கிராம் உப்பு,
வெளியே போவதில் நாக்குக்குத் தெரியாத அளவு.
நடுவில் நாங்கள் சேர்ப்பதெல்லாம் சொட்டுச் சொட்டாக.
கூடினால் குழாய் அரிக்கும்,
குறைந்தால் பாசி பிடிக்கும்.
அந்தக் குட்டி பம்புகளின் டக் டக்கை
தூக்கத்திலும் எண்ணியிருக்கிறேன்.

இங்கேயும் ஒரு பம்ப்,
தலைக்கு மேல், பச்சை எண்களோடு.
முதலில் வெறும் சலைன் என்றாள் மரிவிக்.
பையைத் திருப்பிப் படித்தேன், பழக்கம்.
லிட்டருக்கு ஒன்பது கிராம்.
இத்தனை வருடம் நான் எடுத்தெறிந்த உப்பை
யாரோ கணக்குப் பார்த்துத் திருப்பித் தருகிறார்கள்.
சிரித்துக்கொண்டே அருளப்பனிடம் சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.
பார்க்கிங்குக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தார்,
ஒரு மணி நேரம், பிறகு இன்னும் ஒரு மணி நேரம்;
மொத்தமாக ஐந்து மணிக்குக் கட்டிவிட்டால்
எதையோ ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது மாதிரி.

பிறகு சிவப்பு வந்தது.
பையில் இல்லை, தடித்த சிரிஞ்சில்.
ரமலானில் ஆபீசில் ஊற்றித் தரும் விம்டோவின் நிறம்.
மரிவிக் இரட்டைக் கையுறை, அங்கி, கண்ணாடி,
அமிலம் எடுக்கும்போது நான் போடுவதையெல்லாம் போட்டிருந்தாள்.
நான் பூப்போட்ட சுடிதாரில் இருந்தேன்.
வாய் புண்ணாகாமலிருக்க
ஐஸ் கட்டியை அடக்கிக்கொள்ளச் சொன்னாள்.

ஜன்னலோர நாற்காலியில் ஒரு சூடான் பெண்மணி.
ஐந்தாவது முறையாம்.
குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.
இந்த மாதம் எனக்குச் சொல்லப்பட்ட ஆறுதல்கள் எல்லாவற்றையும் விட
அந்தக் குறட்டை பிடித்திருந்தது.
விழித்ததும் என் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
ஷ்வய், ஷ்வய், என்றார்.
மெல்ல, மெல்ல.
வால்வு திறக்கிற பையனிடம்
தினமும் நான் சொல்வது.

பதினொன்றரைக்கு அவனே போன் செய்தான்.
மேடம், மூணாம் டாங்கில் குளோரின் இறங்குது, எவ்வளவு ஏத்தட்டும்?
லீவுக்குப் பல்வலி என்று சொல்லியிருந்தேன்.
கொஞ்சம் ஏத்து. அரை மணி பொறு. திரும்பப் பார்.
வாயில் ஐஸ் இருந்ததால்
பல்வலிக்குப் பொருத்தமான குரல்.

சாயங்காலம் வீட்டுக் கழிவறையில் அதே சிவப்பு.
வரும் என்று சொல்லியிருந்தார்கள்.
மூடியை மூடி இரண்டு முறை ஃப்ளஷ் செய்யவும்.
செய்தேன்.
மூடியின் மேல் கையை வைத்தபடி நின்று
கணக்குப் போட்டேன்:
எத்தனை லிட்டரில் கரையும்,
சுத்திகரித்த பின் எவ்வளவு மிஞ்சும்,
ரவுண்டானாவின் பூச்செடிக்கு அதில் எவ்வளவு போகும்.
விடை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.
எங்கள் அறிக்கைகளில் பூஜ்யம் என்று எழுத மாட்டோம்.
கண்டறியும் அளவுக்குக் கீழே
என்றுதான் எழுதுவோம்.
எத்தனை ஆயிரம் முறை எழுதிக் கையெழுத்திட்டிருப்பேன்.
ஒரே ஒரு முறை
எனக்கு அதை யாராவது எழுதித் தரட்டும்.

ராத்திரி அருளப்பன் கஞ்சி வைத்தார்.
உப்பில்லை என்றேன்.
எழுந்து போய், போட்டுக் கலக்கிக் கொண்டுவந்தார்.
இப்பவும் இல்லை.
மறுபடி போனார்.
டப்பா மூடி திருகும் சத்தம் கேட்டது.
இரும்பை நக்கியது போல நாக்கு.
சரியாயிருக்கு என்று பொய் சொன்னேன்.
தன் கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் வைத்தவர்
கண்ணை இறுக மூடித் திறந்தார்.
பிறகு ஒன்றும் சொல்லாமல்
அடிவரைக்கும் குடித்தார்.